கதவு கழற்றிய அடுக்களை

பாத்திரக் கடை வாசலில் பேர் வெட்டும் மெஷின் எவர்சில்வரைக் கீறுகிற ‘கிர்ர்ர்’ சத்தம் கேட்டால் எனக்கு இரண்டு காதும் சூடாகிவிடும். கூட வருகிறவர்கள், பல் டாக்டர் ஞாபகம் வந்துவிட்டதா என்று கேட்பார்கள். இல்லை. எனக்கு என் வீட்டு அடுக்களை ஞாபகம் வரும். அங்கே ஒரு ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்த ஐம்பத்திரண்டு வயது ஆள் ஒருவன் ஞாபகம் வருவான்.

எதையும் மூடி வைக்கக் கூடாது என்று ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவன் வீட்டில் எதையோ மூடி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே பேசி, நானே மாட்டிக்கொண்டு, நானே கண்டுபிடித்தேன்.

எனக்குத் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. பெட்டிமேல் இருக்கும் எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் எனக்குத் திறந்து காட்டியதில்லை. சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி, துருப்பிடித்த பெட்டி. கடல் தாண்டி வருகின்றன, என் முன்னால் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நிற்கின்றன, போய்விடுகின்றன. இந்த ஏக்கத்தில்தான் கேட் பாஸ்களின் பின்பக்கம் வசன கவிதை எழுத ஆரம்பித்தேன். (வீட்டிலும் கொஞ்சம் அச்சுத் தமிழில் பேச ஆரம்பித்தேன். அது ஒரு வியாதி, மன்னித்துக்கொள்ளுங்கள்.)

திருவொற்றியூரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தாண்டினால் கடல். உப்புக்காற்று எந்தக் கீலையும் இரண்டு வருஷத்துக்குமேல் உயிரோடு விடாது. அடுக்களை அலமாரியின் பிளைவுட் கதவுகள் உப்பி, சாய்ந்து, ஒன்று ஒற்றைக் கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி செல்வி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “அந்தக் கீல மட்டும் மாத்திக் குடுங்க.”

கீல் வாங்கக் கிளம்பியவன் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டேன். ஏதோ ஊர், யாரோ ஒரு பெண், வெள்ளைச் சுவர், அதில் மூன்று பலகை, பலகைக்கு நான்கு வெள்ளைக் கிண்ணம், ஓரத்தில் ஒரு எலுமிச்சம்பழம். கதவே கிடையாது. (அந்த அடுக்களையில் யாரும் மீன் வறுப்பதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.)

“கதவே வேண்டாம் செல்வி. திறந்த அலமாரி. கை நீட்டினால் எடுக்கலாம். எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.”

“தெரிஞ்சி இன்னா பண்றது? நம்மூட்டு ஜன்னல தொறந்தா இன்னா வருது?”

“காற்று.”

“காத்தா? ஒரு லாரி மண்ணு வருது. காலைல தொடச்ச மேடையில சாயங்காலம் கோலம் போடலாம். மீனு வறுத்தா எண்ணெப் பிசுக்கு, அது மேல தொறமொகத்து லாரிங்க கெளப்புற கருப்புத் தூசி. சாப்புட்றதுக்கு முன்னாடி ஒருவாட்டி தட்டு கழுவணும், சாப்ட்டப்புறம் ஒருவாட்டி. யாரு கழுவறது?”

“நான் கழுவுகிறேன்.”

செல்வி சிரிக்கக்கூட இல்லை. விம்கோ நகரில் ஒரு தையல் யூனிட்டில் அவள் சூப்பர்வைசர். முப்பது பேர் சொல்லும் சாக்குகளைத் தினமும் கேட்டுப் பழகிய முகம் அது.

நான் விடவில்லை. கதவு என்பது சந்தேகத்தின் பலகை என்றேன். ஒரு வீட்டின் உண்மை அதன் அடுக்களையில் இருக்கிறது என்றேன். உண்மைக்குக் கீல் எதற்கு என்று நான் கேட்டபோது அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள், கண்ணில் நீர் வந்தது, என் பேச்சுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஆபீசுல பொட்டி பொட்டியா மூடி வெச்சிக்கீறாங்கன்னு, அந்தக் கோவத்த எங்கூட்டு அடுக்களைல வந்து காட்டாதீங்க,” என்றாள். அப்புறம், தொல்லை விட்டால் போதும் என்று ஒரு நிபந்தனை போட்டாள். “ஒரு மாசம் பாப்பேன். தூசி படிஞ்சிது, கரப்பான் ஏறிச்சி, நீங்க கழுவல, கதவு திரும்ப வந்துடணும்.”

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாபு வந்து அளவெடுத்தார்.

“இன்னா சார், கதவு இல்லியா? டீக்கட வைக்கப் போறியா?”

“இது புது மாதிரி பாபு.”

“வூட்டுக்காரம்மா ஒத்துக்கினாங்களா?”

“ஒரு மாதம் பரீட்சை.”

“அப்ப பழைய கதவு அளவ குறிச்சி வெச்சிக்கிறேன். திரும்பி வரச்சொல்ல சுலுவா இருக்கும்,” என்று பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

இனி, அப்போது என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திராத விஷயம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் எவர்சில்வர் பாத்திரம் யாருக்குக் கொடுத்தாலும் பேர் வெட்டாமல் கொடுப்பதில்லை. இன்னார், இன்ன விசேஷம், இன்ன தேதி. பேர் வெட்டிய பிறகு அந்தப் பாத்திரம் வீட்டிலேயே இருக்கும் என்று நினைத்தால் தப்பு. வவ்வால் மீன் குழம்போடு எதிர்வீட்டுக்குப் போகும். காலியாகத் திருப்பிக் கொடுப்பது மரியாதையில்லை என்பதால், அங்கே ஒரு நல்ல பதார்த்தம் செய்கிற நாளுக்காகக் காத்திருக்கும். காத்திருந்து காத்திருந்து அந்த வீட்டுக்கே பழகிவிடும். எங்கள் தெருவில் எந்த அலமாரியைத் திறந்தாலும் பாதிப் பாத்திரம் அடுத்த வீட்டுப் பேரில்தான் தூங்கிக்கொண்டிருக்கும். கதவு மூடியிருக்கிறவரை எல்லோரும் நல்லவர்கள்.

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் பத்மா அக்கா இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகளுக்கு வளைகாப்பு செய்தாள். மிச்சமான கலந்த சாதங்களை ஒரு பெரிய சம்படத்தில் அடைத்து எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். மூடி அழுத்தினால் ‘டப்’ என்று காற்றுப் புகாமல் உட்காரும் எவர்சில்வர் டப்பா. பக்கத்தில் ‘ஆ. கன்னியம்மாள்’ என்று வெட்டியிருக்கும். அது அக்காவின் மாமியார் பேர். செல்வி அதைக் கழுவி, சென்னாகுன்னிக் கருவாட்டை வறுத்து நிரப்பி, “அண்ணிகிட்ட குடுத்துட்டு வாங்க” என்று என் கையில் கொடுத்தாள்.

அந்த வாரம் மழை. என் மேசை அலமாரியில் ஓதம் இறங்கி, கேட் பாஸ் கவிதைகளில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்த மூடியின் ‘டப்’ சத்தம் கேட்டதும் எனக்குப் புத்தி கெட்டது. சென்னாகுன்னியை ஒரு பாலிதீன் கவருக்கு மாற்றினேன். என் மொத்த இலக்கியமும் சம்படத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. கவரைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து செல்வியிடம் “குடுத்துட்டேன்” என்றேன். (பொய் இல்லை. எதைக் குடுத்தேன் என்று அவள் கேட்கவில்லை.)

பத்து நாளில் அக்கா டப்பாவைக் கேட்டாள். செல்வி அன்றைக்கே கொடுத்தனுப்பியதாகச் சொன்னாள். கவர்தான் வந்தது என்றாள் அக்கா. டப்பாதான் போனது என்றாள் செல்வி. இரண்டு பேரும் சொன்னது சத்தியம். நடுவில் தூக்கிக்கொண்டு போன என்னைக் கேட்டபோது, “குடுத்ததக் குடுத்தேன்” என்று இரண்டு பக்கமும் ஒரே பதிலைச் சொல்லி நழுவினேன். அக்கா வீட்டிலோ ஒவ்வொரு பண்டிகைக்கும் மாமியார் கேட்கிறார்: “எந்தூட்ல கீது எம் பேரு?” பதில் சொல்ல முடியாத எரிச்சலில் அக்கா ஒரு கல்யாண வீட்டில், நான்கு சொந்தக்காரர்கள் நடுவில், “எடுத்து வெச்சிக்கினு குடுத்தேன்னு பொய் சொல்றா” என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. “பொய்க்காரின்னு பேரு வெச்சிட்டாங்க. அது போற வரைக்கும் அந்த வூட்டுப் படி ஏற மாட்டேன்,” என்றாள் செல்வி. அக்கா வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் நான் ஒருத்தனாகப் போய் வந்தேன். அந்த நாட்களில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருப்பாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் என்ன செய்தேன்? இரண்டு பேரையும் சமாதானப்படுத்தினேன். “போகட்டும், ஒரு டப்பாதானே” என்று உலகப் பற்று இல்லாதவன் மாதிரிப் பேசினேன். முதல் வாரம் சொல்ல வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் பயமாக இருந்தது. ஆறு மாதம் கழித்து, ‘இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்வி டப்பாவைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. சம்படத்தை நியூஸ் பேப்பரில் சுற்றி, பரணில் என் காகித மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினேன். செல்வி அந்தப் பக்கம் போகமாட்டாள். (தொட்டால் ஒன்றை வாசித்துக் காட்டிவிடுவேன் என்ற பயம்.) பிறகு பாடுபட்டு மறந்தேன். உண்மையிலேயே மறந்தும் போனேன்.

பாபு ஒரு வியாழக்கிழமை இரும்புச் சட்டம் அடித்து, நான்கு பலகை மாட்டிவிட்டுப் போனார். சனிக்கிழமை செல்விக்கு அரை நாள் வேலை. அவள் வருவதற்குள் பாத்திரங்களை அடுக்கி அசத்திவிடலாம் என்று இறங்கினேன். இறங்கினேன் என்றால், நாற்காலியில் உட்கார்ந்தேன். வேலை செய்தது எதிர்வீட்டு ரெஜினா அக்கா. ஒரு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், நான் அடுக்கும் அழகைப் பார்க்கச் சகிக்காமல் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“பேரெல்லாம் வெளியில் தெரியும்படி திருப்பி வையுங்கள் அக்கா,” என்றேன். எழுத்தைக் கண்டால் எனக்கு ஒரு மயக்கம். எங்கள் அலமாரியில் தெருவே இருக்கிறது, இது அடுக்களை இல்லை, அன்பின் நூலகம் என்று எனக்குள் ஒரு வரி ஓடியது.

“எல்லாத்தியுமா?” என்றார் ரெஜினா அக்கா.

“எல்லாவற்றையும்.”

அவர் ஒரு குழம்புக் கிண்ணத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். அது அவர் தங்கை கல்யாணத்தில் வந்த, அவர் வீட்டுக் கிண்ணம் என்று பிறகு தெரிந்தது.

“மேல் தட்டு நடுவுல மொட்டையா கீதே தம்பி.”

“பரணில் பெரிதாக ஏதாவது இருக்கும், எடுத்து வையுங்கள்.” என் வாயால்தான் சொன்னேன். அப்போது போனில் கவிதையின் கடைசி வரியைத் தட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் பேப்பர் கிழிபடும் சத்தமும், தேய்க்கிற சத்தமும் கேட்டன. நிமிர்ந்தபோது காலை வெயிலில் நான்கு தட்டும் பளபளவென்று ஒரே வெளிச்சமாக இருந்தது. படிக்கிற கண்ணாடியை யார்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். எனக்கு மின்னல் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை.

போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டேன். கீழே கவிதை:

‘மூடிய கதவுகளின் ஊரில்
எங்கள் அடுக்களை மட்டும்
தன்னைத் திறந்து நிற்கிறது.
ஒளிக்க ஒன்றுமில்லை எங்களிடம்.’

மாமா ஒருவர் கும்பிடு பொம்மை அனுப்பினார். சித்தப்பா ஒருவர், ‘அருமை, சுகர் டெஸ்ட் எடுத்தியா’ என்று கேட்டார். பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. இரண்டு வருஷமாக எங்கள் வீட்டைப் பற்றி ஒரு சொல் எழுதாத பத்மா அக்காவிடமிருந்து: ‘வூட்லயே இரு. வரேன்.’

என் வரிகள் கல்லைக் கரைத்துவிட்டன என்று புரிந்துகொண்டேன். செல்விக்குப் போன் போட்டுச் சொன்னேன். தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டாள்.

“அண்ணியா? அவங்களாவா வரேன்னாங்க?”

“என் கவிதையைப் படித்துவிட்டு.”

“நா பர்மிஷன் சொல்லிட்டு வந்துட்றேன். பால் வாங்கியாரேன். அவங்களுக்கு சக்கர கம்மியா போடணும்.” குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. இலக்கியத்தின் சக்தி என்று நினைத்தேன்.

அதற்குள் ரெஜினா அக்கா தெருவில் நான்கு வீட்டில் சொல்லிவிட்டார். ஒவ்வொருவராக அலமாரியைப் பார்க்க வந்தார்கள். பார்த்தார்கள். படித்தார்கள்.

“அய்ய, இது எம் பொண்ணு சடங்குக்கு வந்த தாம்பாளம்ல? அஞ்சு வருஷமா தேடறேன்.”

“எடுத்துக்கோங்க.”

“இதும் எங்களுதுதான். அந்த ரெண்டு டம்ளரும்.”

“எடுத்துக்கோங்க.”

“ஷோக்கா கீது தம்பி அலமாரி. பேரோட வெச்சிக்கீற. தேடவே வாணாம்.”

அன்பின் நூலகத்திலிருந்து எல்லாப் புத்தகமும் ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. கடைசியில் எங்கள் பேர் போட்ட ஒரு குக்கரும், ஏழெட்டுத் தட்டும், மேல் தட்டின் நடுவில் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரே ஒரு பெரிய சம்படமும் மிச்சம். கூட்டத்தில் மறைந்திருந்தது தனியாக நின்றால் அடையாளம் தெரிந்துவிடும். அதன் பேரைப் படிக்க எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். எடுத்தேன். எங்கே வைப்பது? அலமாரிக்குக் கதவில்லை. மேடைக்கு அடியில் கதவில்லை. சிலிண்டர் இருக்கும் இடத்தில் பழைய திரை ஒன்று இருந்தது, அதையும் வெளிப்படைத்தன்மைக்காகக் கழற்றி வீசியிருந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு கதவுக்காக, உப்பிப்போன, ஒற்றைக் கீலில் தொங்குகிற ஒரே ஒரு கதவுக்காக என் உயிரே ஏங்கியது. வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

“இன்னாடா பண்ற மேல?” பத்மா அக்கா.

“தூசி துடைக்கிறேன்க்கா.”

“கட்டிப் புடிச்சிக்கினா தொடப்ப?” அவள் போனை எடுத்து, விரலால் பெரிதாக்கி, என் கவிதைக்கு மேலே இருந்த படத்தைக் காட்டினாள். ஆ. கன்னியம்மாள். “உம் பொண்டாட்டி எங்க?”

“வந்துகிட்டிருக்கா.”

நான் இறங்கப் பார்த்தேன். “எறங்காத. அவ வந்து அந்தப் பேர பாக்கட்டும். அப்டியே நில்லு.” நாற்காலியை அடுக்களை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அலமாரியின் ஐந்தாவது தட்டாக நான் நின்றேன்.

செல்வி பால் பாக்கெட்டோடு வந்தாள். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. “வாங்கண்ணி” என்று சொன்ன முகத்தில் இரண்டு வருஷத்துச் சந்தோஷம். பிறகு என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

“இன்னா பேரு போட்டுக்கீது, படி செல்வி.”

“அண்ணி, நா குடுத்தனுப்பினேன். சத்தியமா குடுத்தனுப்பினேன்.”

“அன்னிக்கும் இதான் சொன்ன.”

தெருமுனையில் ஒரு டிரெய்லர் லாரி போனது. தட்டுகள் நடுங்கி அடங்கின. அந்த லாரி கடக்கிற நேரம் முழுக்க நான் பேசாமல் இருந்தேன் என்பதையும் எழுதியாக வேண்டும். செல்வி அழாமல் இருக்க முயன்றுகொண்டிருந்தாள். அதை மேலிருந்து பார்க்க முடியவில்லை.

“நான்தான்க்கா. அவ குடுத்தா. நான் குடுக்கல.”

“குடுக்கலன்னா?”

“கவிதை போட்டு வெச்சிருந்தேன்.”

“இன்னாத்த?”

“பேப்பரும்மா,” என்றார் வாசலில் நின்ற ரெஜினா அக்கா. “நாந்தான் எடுத்துக் கொட்னேன். ஒரு மூட்ட கீது. கரப்பான் கூட தொடல.”

பத்மா அக்கா எழுந்து போய் செல்வி கையிலிருந்த பால் பாக்கெட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

“எம் மேலதான் தப்பு செல்வி. நாலு பேரு எதிர்ல சொன்னேன். அந்த நாலு பேரு எதிர்லயே மாத்திச் சொல்றேன். எங்கம்மா பெத்ததுல எது திருடும்னு எனக்குத் தெரியாதா? எம் பென்சில் டப்பாவயும் இவந்தான் எடுத்து, உள்ள எதோ எழுதி வெச்சிருந்தான்.”

செல்வி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். ஸ்டூலிலிருந்து இறங்க எனக்கு உத்தரவு கிடைக்கவில்லை. காபி போட்டுக் குடித்தபடி என் கேட் பாஸ்களைப் பிரித்து ஒன்று மாற்றி ஒன்று வாசித்தார்கள். சோகமான இடங்களில்தான் அதிகம் சிரித்தார்கள்.

அலமாரி விசாரணையும் அங்கேயே முடிந்தது. அக்கா ஒரு பலகையில் விரலை ஓட்டி என்னிடம் காட்டினாள். கரி. “வெச்சி ரெண்டு நாளு ஆவல.” ஒரு மாதப் பரீட்சை இரண்டு நாளில் முடிந்து, தீர்ப்பு வந்தது: தினமும் புழங்குகிற டம்ளருக்கும் தட்டுக்கும் ஒரே ஒரு திறந்த பலகை, அதில் தூசி உட்கார நேரம் கிடைக்காது. மற்ற எல்லாவற்றுக்கும் துருப்பிடிக்காத அலுமினியக் கதவு. என் எழுத்து மேசை அலமாரியின் கதவுகளை மட்டும் கழற்றிவிட வேண்டும். பாபு குறித்து வைத்த அளவோடு சிரித்துக்கொண்டே வந்தார். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் எது காணாமல் போனாலும், கரண்டியோ பைக் சாவியோ, முதலில் என்னைக் கூப்பிட்டு, “மேல் தட்டுல பாத்துட்டியா?” என்று கேட்டுவிட்டுத்தான் தேட ஆரம்பிக்கிறார்கள்.

அன்று மத்தியானம் அக்காவை ஆட்டோ ஏற்றிவிடத் தெருமுனைவரை போனோம். சம்படம் நிறைய செல்வி சுடச்சுட வறுத்த நெத்திலி. அதை அவளே மடியில் வைத்துவிட்டாள், என்னிடம் தரவில்லை. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடுத்த ஞாயித்துக்கெழம பேரனுக்குக் காது குத்து. நீ சனிக்கெழமையே வந்துடு. சாமான் ரூமு சாவிய உங்கிட்டதான் குடுப்பேன்.”

செல்வி தலையாட்டினாள். ஆட்டோ கிளம்பப் போனது. நான் குனிந்து கேட்டேன்.

“நான் என்ன பண்ணட்டும்க்கா?”

“நீ வாசல்ல நில்லு, நைனா. வர்றவங்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கினே இரு. ரெண்டு கையும் எங்க கண்ணுக்குத் தெரியணும்.”